தள்ளுகிறவரின் முகம்

1

புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் அரிக்கமேட்டு மணிகளைப் பார்ப்பார்கள். வெண்கலச் சிலைகளைப் பார்ப்பார்கள். பிரெஞ்சுக்காரர்களின் மேசை நாற்காலிகளுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார்கள். பழைய வண்டிகள் இருக்கும் பக்கம் அதிகம் பேர் நிற்பதில்லை. அந்த வண்டிகளில் ஒன்றின் பெயர் 'பூஸ்-பூஸ்'. பிரெஞ்சில் அதற்குத் 'தள்ளு தள்ளு' என்று பொருள்.

பிரான்ஸ் ஆண்ட வேறு இடங்களிலும் இந்தப் பெயர் புழங்கியது. வியட்நாமிலும் மடகாஸ்கரிலும் ஆள் முன்னால் நின்று இழுக்கிற சாதாரண ரிக்‌ஷாவையே அப்படி அழைத்தார்கள். இழுக்கிற வண்டிக்கு ஏன் 'தள்ளு தள்ளு' என்று பெயர் என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் புதுச்சேரியில் ஓடியதற்குப் பெயர் அப்படியே பொருந்தியது. இங்கே வண்டிக்கு முன்னால் யாருமில்லை. தள்ளுகிறவர் பின்னால் இருந்தார். உட்கார்ந்திருப்பவரின் கைக்கு எட்டும்படி ஒரு நீண்ட கைப்பிடி, முன்சக்கரத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. அவர் அதைத் திருப்பினால் வண்டி திரும்பும். அதாவது, திசை பயணியின் கையில். உழைப்பு பின்னால் இருப்பவரின் காலில்.

இதை மற்ற வண்டிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் விசேஷம் புரியும். பல்லக்கில் போகிறவருக்குச் சுமக்கிறவர்களின் மூச்சு கேட்கும். எந்தப் பள்ளத்தைச் சுற்றிப் போவது, எங்கே தோள் மாற்றுவது என்பதெல்லாம் அவர்கள் முடிவு. கை ரிக்‌ஷாவில் உட்கார்ந்தால் கண்ணுக்கு முன்னால் ஒரு முதுகு. வேண்டாம் என்றாலும் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டுதான் போக வேண்டும். சைக்கிள் ரிக்‌ஷாவிலும் அப்படித்தான். மேடு வந்தால் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிக்கிற உடம்பு தெரியும், சட்டை நனைவது தெரியும். பூஸ்-பூஸ் இந்தச் சங்கடத்தைத் தீர்த்துவிட்டது. முன்னால் தெரு மட்டும்தான். காற்று முகத்தில் அடிக்கும். கையில் கைப்பிடி. 'நானே ஓட்டிக்கொண்டு போகிறேன்' என்று நினைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இந்த ஊரின் நேர்க்கோட்டுத் தெருக்களில் இது ஓடியது. தட்டையான கடற்கரை ஊர் என்பதால் தள்ளுவது முடிந்தது. இதைக் கொடுமை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் எனக்கு அந்த வண்டி ஒரு தத்துவக் கேள்வியை மரத்திலும் இரும்பிலும் செய்து வைத்த மாதிரித் தெரிகிறது. ஓர் ஊரை 'நானே சுற்றிப் பார்த்தேன்' என்று சொல்கிறோமே, அந்த 'நானே' எங்கிருந்து வருகிறது? திசையைத் தீர்மானித்ததற்காகவா? நம்மை நகர்த்தியது யார் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடம் உண்டா?

2

கொஞ்சம் தூரம் போய் வருவோம். டோக்கியோவில் சில வருடங்களாக ஒரு சுற்றுலா பிரபலம். கோ-கார்ட் என்கிற, தரையை ஒட்டிய குட்டிப் பந்தய வண்டியில் உட்கார்ந்து, வீடியோ கேம் பாத்திரங்கள் மாதிரி உடை போட்டுக்கொண்டு, நிஜமான போக்குவரத்துக்கு நடுவே நகரத்தைச் சுற்றலாம். முன்னால் ஒரு வழிகாட்டியின் வண்டி போகும். மற்றவர்கள் வாத்துக் குஞ்சுகள் மாதிரி பின்னால் வருவார்கள். ஸ்டியரிங் ஒவ்வொருவர் கையிலும் இருக்கும். ஆனால் எந்தத் தெரு, எந்தத் திருப்பம், எங்கே நின்று போட்டோ என்பதெல்லாம் கிளம்புவதற்கு முன்பே முடிவானவை. சான் ஃபிரான்சிஸ்கோவில் இன்னொரு வகை. மஞ்சள் நிற மூன்று சக்கர வண்டி. வழிகாட்டி ஆளே கிடையாது. ஜி.பி.எஸ். வழியாக வண்டிக்குத் தான் இருக்கும் இடம் தெரியும். அந்த முனையில் திரும்பு என்று அதுவே சொல்லும், இந்தக் கட்டடத்தின் கதை இது என்று அதுவே பேசும்.

இதில் இருக்கும் சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பஸ்ஸின் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கிற ஊர் வேறு. தரையிலிருந்து அரை அடி உயரத்தில், சக்கரத்தின் அதிர்வு முதுகெலும்பில் ஏற, பார்க்கிற ஊர் வேறு. உயரமான கட்டடங்கள் இன்னும் உயரமாகும். நாற்பது வயதுக்காரருக்கும் பத்து வயது திரும்பி வரும். விளையாட்டு என்பது ஒழுக்கத்துக்கு எதிரி கிடையாது.

என்னை யோசிக்க வைப்பது அங்கே நடந்த ஒரு வழக்கு. 2017இல் நிண்டெண்டோ நிறுவனம் டோக்கியோவில் இந்தச் சுற்றுலாவை நடத்திய கம்பெனி ஒன்றின் மீது வழக்குப் போட்டது. தன்னுடைய பாத்திரங்களின் உடையை அனுமதியில்லாமல் வாடகைக்குக் கொடுக்கிறார்கள் என்பது புகார். 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 5 கோடி யென் இழப்பீடு தர உத்தரவிட்டது. அதே வருடக் கடைசியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நியாயமான தீர்ப்பாகவே இருக்கட்டும். ஆனால் கவனியுங்கள்: ஒரு கற்பனைப் பாத்திரத்தின் தொப்பிக்கும் மீசைக்கும் சொந்தக்காரர் இருக்கிறார், அவரைக் கேட்காமல் பயன்படுத்தினால் விலை உண்டு என்று சட்டத்துக்குத் தெரிகிறது. அந்தத் தெருவில் குடியிருக்கிறவரின் ஜன்னலும், வாசலில் உலரும் துணியும், பள்ளிக்கூடம் விட்டு வருகிற குழந்தையின் முகமும் அதே ஒரு மணி நேரக் காட்சியின் பகுதிதானே? அவற்றுக்கு யாரைக் கேட்பது? அந்த வழக்கு அதைப் பற்றியது இல்லை. எந்த வழக்கும் அதைப் பற்றியதாக இருக்க முடியுமா என்பதே சந்தேகம். சட்டம் விட்ட இடத்தில்தான் அறம் என்று நாம் சொல்கிற விஷயத்துக்கு வேலை ஆரம்பிக்கிறது.

புதுச்சேரித் தெருக்களில் கோ-கார்ட் சுற்றுலா இல்லை. அதன் வேலையை வாடகை ஸ்கூட்டர் செய்கிறது. கறுப்புத் தகட்டில் மஞ்சள் எழுத்து போட்ட வண்டிகள் சனிக்கிழமை காலையில் பிரெஞ்சுப் பகுதிக்குள் சாரி சாரியாக நுழையும். வழிகாட்டி போனுக்குள் இருக்கிறார். ரோமன் ரோலான் தெரு, சுஃப்ரேன் தெரு, துமா தெரு. மஞ்சள் சுவர், போகன்வில்லா, ஒரு போட்டோ. அடுத்தது ஆயி மண்டபம். அடுத்தது ராக் பீச். ஸ்டியரிங் அவர்கள் கையில்தான். ஆனால் நூறு வண்டியும் அதே ஏழெட்டு இடங்களில்தான் நிற்கும். இந்த ஊர்க்காரன் என்பதால் வெளியூர் நண்பர்கள் வரும்போதெல்லாம் கூடப் போகிற வேலை எனக்கு. அவர்கள் போன் சொல்கிற வழியும் நான் கூட்டிப்போகிற வழியும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. இன்னொன்றும் தோன்றும்: அந்தக் காலத்தில் பூஸ்-பூஸில் உட்கார்ந்து மாலைக்காற்று வாங்கப் போன துரைக்கும் கவர்னர் மாளிகை, பூங்கா, கடற்கரை என்று இதே தெருக்கள்தானே? வண்டி மாறிவிட்டது. வழி மாறவில்லை.

3

பிரெஞ்சுப் பகுதியில் இன்னும் சில சைக்கிள் ரிக்‌ஷாக்கள் மிச்சம் இருக்கின்றன. எண்ணிவிடலாம். அநேகமாகச் சுற்றுலாக்காரர்களுக்காக மட்டுமே ஓடுபவை. ஓட்டுகிறவர்கள் எல்லோரும் வயதானவர்கள். ஒரு முறை என்னோடு வந்த தோழி, அவர்களில் ஒருவர் "ஏறுங்கம்மா, ஒரு ரவுண்டு" என்று கூப்பிட்டபோது, "ஐயோ வேணாம், பாவம்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவள் குரலில் நடிப்பே கிடையாது. உண்மையிலேயே அவளால் முடியவில்லை. ஒரு கிழவரை மிதிக்கவிட்டு மேலே உட்கார்ந்திருக்க எனக்கும்தான் கூசும்.

இன்னொரு நாள் அவரே பூங்கா ஓரத்து மர நிழலில் வண்டியை நிறுத்தியிருந்தபோது பேச்சுக் கொடுத்தேன்.

"அண்ணே, சவாரி எப்படிப் போவுது?"

"இன்னா சார், பாத்துக்கினுதானே கீறீங்க. எல்லாம் ஸ்கூட்டர் எடுத்துக்கினு போயிடறாங்க. வெள்ளக்காரங்க கும்பலா வந்தா பத்து வண்டி வரிசையாப் போவும். மத்த நாள் இப்படியே ஒக்காந்து கெடக்கறதுதான்."

"நம்ம ஆளுங்க ஏற மாட்டேங்கறாங்களா?"

"பாவம்ங்கறாங்க." சிரித்தார். "ஏறாட்டிப் பரவால்ல தம்பி. கால் வலிக்குது, நடக்கணும், துட்டு இல்ல, இன்னா வேணா சொல்லட்டும். பாவம்னு மட்டும் சொல்லக் கூடாது. அத்த வச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

சாரிலிருந்து தம்பிக்கு அவர் எந்த இடத்தில் மாறினார் என்பதைக் கவனித்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லும்போது மாறினார்.

அந்தக் கேள்வியை எளிதில் தாண்ட முடியவில்லை. 'பாவம்' என்று சொல்லி விலகுகிறவர் தன் மனதைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறார். அதற்கான செலவை ரிக்‌ஷாக்காரர் ஏற்கிறார். அன்றைய சவாரி போனது. இன்னொரு பக்கம், 'அவருக்குப் பிழைப்பு வேண்டுமே' என்று ஏறி உட்கார்ந்துவிடுகிறவரும் பாதி விஷயத்தை மறைக்கிறார். அறுபது வயதில் ஒருவருக்கு இரண்டு பேரை வைத்து மிதிப்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் போனது ஏன் என்ற கேள்வியை அந்த வாடகை மூடிவிடுகிறது. இரண்டு பேருமே நல்லவர்கள். இரண்டு பேருமே தங்களைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள்.

கான்ட்டின் புகழ்பெற்ற அறவிதி ஒன்று உண்டு. மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே, எப்போதும் அவரே ஒரு நோக்கமாகவும் இருக்கட்டும் என்பது அதன் சாரம். 'வெறும்', 'மட்டும்' என்ற சொற்களை நாம் அவசரத்தில் விட்டுவிடுகிறோம். அவற்றை விட்டுவிட்டால் டீ போட்டுக் கொடுக்கிறவரிடம் டீ வாங்கிக் குடிப்பதும் தப்பாகிவிடும். யாருடைய உழைப்பையும் பயன்படுத்தாமல் ஒரு நாள்கூட வாழ முடியாது. அந்த உழைப்புக்குப் பின்னால் இருக்கிற ஆள், வேண்டாம் என்று சொல்லக் கூடியவராக, விலை பேசக் கூடியவராக, என்னைத் திரும்பிப் பார்க்கக் கூடியவராக இருக்கிறாரா என்பதே விஷயம். பூஸ்-பூஸின் பிரச்சினை அதில் ஒருவர் தள்ளினார் என்பதோடு முடியவில்லை. தள்ளுகிறவரின் முகம் தெரியாதபடி அது வடிவமைக்கப்பட்டிருந்தது. அறம் என்பதே இன்னொருவரின் முகத்துக்கு முன்னால்தான் தொடங்குகிறது என்று எழுதினார் லெவினாஸ். அந்த முகத்தைப் பின்னால் கொண்டுபோய் வைப்பதற்கு ஒரு தச்சரும் ஒரு கொல்லரும் போதும் என்பதை அருங்காட்சியகத்து வண்டி காட்டுகிறது.

இன்றைக்கு அதற்குத் தச்சர்கூடத் தேவையில்லை. ஸ்கூட்டரில் போகிறவருக்குப் பின்னால் யாரும் ஓடி வரவில்லைதான். ஆனால் விடிவதற்கு முன்பே கடற்கரைச் சாலையைக் கூட்டிப் பெருக்கியவர் இருக்கிறார். விடுதி அறையின் விரிப்பை மாற்றியவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலில் ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டு, தூங்க முடியாமல் படுத்திருக்கும் வீட்டுக்காரப் பாட்டி இருக்கிறார். எல்லோரும் சேர்ந்து தள்ளுகிற வண்டிதான் அது. நீளம் கூடிவிட்டது, அவ்வளவுதான். பின்னால் திரும்பினாலும் முகம் தெரியாத அளவுக்கு நீளம்.

4

சரி, தள்ளுகிற வேலையை ஒழித்துவிட்டால் தீர்ந்ததா?

தமிழ்நாட்டில் 1973இல் மு. கருணாநிதி அரசு கை ரிக்‌ஷாவை ஒழித்தது. இழுத்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு எம்.ஜி.ஆர். 'ரிக்‌ஷாக்காரன்' படத்தில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டியிருந்தார். சிறந்த நடிகருக்கான தேசிய விருதும் அந்தப் படத்துக்குக் கிடைத்தது. அந்தக் காலத்தில் காலிலிருந்து பெடலுக்கு மாறுவது ஒரு படி மேலே ஏறுவதாகவே இருந்தது. கொல்கத்தாவில் கதை வேறு. 2006இல் மேற்கு வங்காள சட்டமன்றம் கை ரிக்‌ஷாவை நிறுத்தச் சட்டத் திருத்தம் கொண்டு வந்தது. இழுக்கிறவர்களே எதிர்த்தார்கள். மாற்று வேலை என்ன என்பதற்குப் பதில் இல்லை. வண்டிகள் அதற்குப் பிறகும் ஓடின.

1980இல் பஞ்சாப் ரிக்‌ஷாத் தொழிலாளர்களின் வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. சொந்த வண்டி இருந்தால்தான் ஓட்ட உரிமம் என்றது மாநிலச் சட்டம். முதலாளிகளின் வாடகைச் சுரண்டலை ஒழிப்பது நோக்கம். ஆனால் வண்டி வாங்கக் காசில்லாத ஆயிரக்கணக்கானோருக்கு அது வேலையிழப்பு. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் சட்டத்தை ரத்து செய்துவிட்டுப் போகவில்லை. ஓட்டுகிறவர்கள் கடன் வாங்கிச் சொந்த வண்டிக்காரர்களாக ஆவதற்கு ஒரு திட்டத்தைத் தீர்ப்புக்குள்ளேயே கொண்டுவந்தார். 2025 ஆகஸ்டில் மகாராஷ்டிராவின் மாத்தேரான் மலைவாசத்தலம் பற்றி உச்ச நீதிமன்றம் சொன்னதும் இந்த வரிசையில்தான் வருகிறது. மோட்டார் வண்டி அனுமதியில்லாத அந்த ஊரில், சுற்றுலாப் பயணிகளைக் கை ரிக்‌ஷாவில் வைத்து ஆட்களே மலைப்பாதையில் இழுத்தும் தள்ளியும் போனார்கள். ஆறு மாதத்துக்குள் இது நிற்க வேண்டும் என்றது நீதிமன்றம். கூடவே, இழுத்தவர்களுக்கே மின் ரிக்‌ஷா கிடைக்க வழி செய்ய வேண்டும், பணமில்லை என்று அரசு காரணம் சொல்லக் கூடாது என்றும் சொன்னது.

இவற்றையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதற்கு ஓர் அடையாளம் கிடைக்கிறது. தள்ளியவரின் கைக்கு ஸ்டியரிங் போனதா? போகிற இடத்தில் சீர்திருத்தம் சீர்திருத்தமாக இருக்கிறது. போகாத இடத்தில், நம் கண்ணுக்கு உறுத்தலாக இருந்த ஒரு காட்சி அகற்றப்பட்டது, அவ்வளவுதான். தன் சங்கடம் தீர்ந்ததை இன்னொருவரின் விடுதலை என்று நினைத்துக்கொள்வது ரொம்ப சுலபம். எல்லா நல்ல மனசுக்காரர்களுக்கும் இருக்கிற ஆபத்து இது.

5

இதுவரை வண்டியைப் பற்றிப் பேசினேன். இனி தெருவின் பக்கம்.

பிரெஞ்சுப் பகுதிக்கும் தமிழர் பகுதிக்கும் நடுவே பெரிய வாய்க்கால் ஓடுகிறது. அந்தக் காலத்தில் ஒரு பக்கம் வெள்ளை ஊர், மறுபக்கம் கறுப்பு ஊர் என்று பேர். 'ஒயிட் டவுன்' என்று இன்றும் கூசாமல் விளம்பரப் பலகையில் எழுதுகிறோம். மறுபாதியின் பெயரைத்தான் சத்தமில்லாமல் விட்டுவிட்டோம். வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால் வைசியாள் வீதி என்கிற கால்வே சுப்பராய செட்டி தெரு. பழைய தமிழ் வீடுகளின் முகப்பை வரிசையாக மீட்டெடுத்ததற்காக 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது பெற்ற தெரு இது.

கிழக்கே, பிரெஞ்சு வீடு தெருவுக்கு உயரமான மதிலைக் காட்டும். வாழ்க்கை மதிலுக்கு உள்ளே, முற்றத்திலும் தோட்டத்திலும் நடக்கும். தெருவில் போகிறவருக்கு மஞ்சள் சுவரும், மேலே எட்டிப் பார்க்கும் பூக்களும், ஒரு வாசல்கதவும்தான். தமிழ் வீடு தெருவை நோக்கித் திண்ணையை நீட்டும். அதற்கும் வெளியே, மரத்தூண்கள் தாங்கிய சரிந்த கூரையோடு ஒரு தாழ்வாரம். அதன் நிழல் வீட்டுக்காரருக்கு மட்டும் உரியது இல்லை. வெயிலில் நடந்து வருகிற எவருக்கும் உரியது. சொந்தக் காசில் கட்டிய வீட்டின் ஒரு பகுதியை முன்பின் தெரியாத வழிப்போக்கனுக்கு ஒதுக்கி வைத்த கட்டடக்கலை அது. (எல்லோருக்குமா என்றால் இல்லை. எந்தச் சாதிக்காரர் எந்தத் திண்ணையில் உட்காரலாம் என்பதற்குக் கணக்கு இருந்தது. அதை மறைத்துத் திண்ணையைக் கொண்டாடுவதும் ஒரு வகை மஞ்சள் சுவர்ப் போட்டோதான்.)

திண்ணையில் உட்கார்ந்தால் ஒன்று நிச்சயம் நடக்கும். உள்ளேயிருந்து யாராவது வந்து கேட்பார்கள்: "எந்த ஊரு? யார் வீட்டுக்கு வந்தீங்க? தண்ணி குடிக்கிறீங்களா?" இதில் உபசாரமும் இருக்கிறது, விசாரணையும் இருக்கிறது. இரண்டையும் பிரிக்க முடியாது. நிழல் வேண்டுமானால் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நீ ஊரைப் பார்க்கலாம். ஊரும் உன்னைப் பார்க்கும்.

'விருந்து' என்ற சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை. தொல்காப்பியம் இலக்கியத்தில் வரும் புதுமைக்கே அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறது. வீட்டுக்குப் புதிதாக வருகிறவர் அதனால்தான் விருந்து ஆனார். வள்ளுவர் ஒரு முழு அதிகாரமே விருந்தோம்பலுக்குக் கொடுத்தார். அதன் கடைசிக் குறளில், மோந்தால் வாடிவிடும் அனிச்சப்பூவைப் போல, முகம் மாறி நோக்கினாலே விருந்தினர் வாடிவிடுவார் என்கிறார். அந்த உறவே முகத்தில் நடக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் பத்துக் குறளும் வீட்டுக்காரரின் கடமையைப் பற்றியவை. வருகிறவரின் கடமை என்ன? அன்றைக்கு அதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்று நினைக்கிறேன். நடந்து வந்தவர் எப்படியும் களைத்து உட்காருவார், உட்கார்ந்தால் கேட்கப்படுவார். காலே அந்தக் கடமையைச் செய்துவிடும்.

கோ-கார்ட்டிலும் ஸ்கூட்டரிலும் போகிறவரை யாரும் எதுவும் கேட்க முடியாது. டோக்கியோவில் அவர் வேஷத்தில் வேறு இருக்கிறார். முகமே அவருடையது இல்லை. பூஸ்-பூஸில் தள்ளுகிறவரின் முகம் பயணிக்குத் தெரியவில்லை. இங்கே பயணியின் முகம் ஊருக்குத் தெரிவதில்லை. கேட்கப்படாமல் பார்த்துவிட்டுப் போக முடிகிற வசதியைத்தான் காசு கொடுத்து வாங்குகிறோம். வேகம், சொகுசு எல்லாம் அதற்குப் பிறகுதான். இங்கேதான் சிக்கல் என்று எனக்குப் படுகிறது. ஸ்டியரிங் என்பது திசைக்குப் பொறுப்பேற்பது. பொறுப்பு என்றால் கேட்டால் பதில் சொல்ல இருப்பது. யாராலும் கேட்க முடியாத ஸ்டியரிங், பூஸ்-பூஸின் கைப்பிடி போன்ற ஒரு பொம்மை.

கேட்கப்படாத பார்வைக்கு எதெல்லாம் தப்பிப் போகும் என்பதற்கு இந்த ஊரிலேயே உதாரணம் உண்டு. மணக்குள விநாயகர் கோயில் வாசலில் நின்ற யானை லட்சுமி, 2022 நவம்பர் 30 அன்று காலை நடைக்குப் போனபோது தெருவிலேயே சரிந்து விழுந்து இறந்தது. சுற்றுலாக்காரர்களுக்கு அது பட்டியலில் ஓர் இடம். காசு கொடுத்தால் துதிக்கையைத் தலையில் வைக்கும். ஆனால் அன்றைக்குக் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து அழுதவர்களுக்கு அது பெயரும் குணமும் உள்ள ஓர் ஆள். இன்னொன்று: 1936 ஜூலை 30 அன்று, வேலைநிறுத்தம் செய்த சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். எட்டு மணி நேர வேலைக்கான போராட்டம் அது. மில்கள் இருந்த இடம் பூல்வார் வட்டத்துக்கு வெளியே. எந்த ஸ்கூட்டரின் போனும் அந்தப் பக்கம் திரும்பச் சொல்லாது. இந்த ஊரைத் தள்ளியவர்களின் இடம் அது. சுற்றிப் பார்க்கிற வழி அதற்கு முன்பே திரும்பி, காபி கடைக்குப் போய்விடுகிறது.

6

"ரெண்டு நாள் லீவுல பெங்களூர்லேருந்து வந்து சந்தோஷமா இருந்துட்டுப் போறவன் தலையில இவ்வளவு பாரம் ஏத்தணுமா?" என்று நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி.

நான் சொல்வது குற்றவுணர்ச்சி இல்லை. குற்றவுணர்ச்சி, ரிக்‌ஷாக்காரர் சொன்ன 'பாவம்' மாதிரிதான். அதை வைத்துக்கொண்டு எதிரில் இருப்பவர் என்ன செய்வார்? நான் சொல்வது கடன். கடனுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, சில்லறையாகக் கட்டலாம். வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு ஒரு தெருவையாவது நடந்து கடப்பது. வாசலில் நிற்கிறவரிடம் கேட்டுவிட்டுப் போட்டோ எடுப்பது, வேண்டாம் என்றால் சிரித்துக்கொண்டே போனை உள்ளே வைப்பது. ரிக்‌ஷாவில் ஏறினால், ஏறுவதற்கு முன் பெயர் கேட்பது, அவர் சொல்கிற வழியில் போகச் சொல்வது. ஏறாவிட்டால், 'நடக்கணும்ணே' என்று சொல்வது. இவற்றால் உலகம் மாறாது. ஆனால் பார்த்த ஊருக்கும் பார்த்தவருக்கும் நடுவே ஒரு பேச்சு நடந்திருக்கும். 'நானே சுற்றிப் பார்த்தேன்' என்பதில் அந்த 'நானே' கொஞ்சம் அடக்கமாகும்.

இதெல்லாம் சாத்தியமா என்று சந்தேகப்படுகிறவர்கள் ஒரு மாலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலைக்கு வரலாம். மறுநாள் காலை ஏழரை வரைக்கும் அங்கே வண்டி போகக் கூடாது. தடுப்பு வைத்தவுடனே சாலையின் குணம் மாறிவிடும். வாடகை வண்டிக்காரரும், சொந்தக் காரில் வந்தவரும், ஆசிரமத்துப் பெரியவரும், குருசுக்குப்பத்துப் பிள்ளைகளும் ஒரே வேகத்தில் போவார்கள். யாரும் யாரையும் தள்ளவில்லை. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிகிற வேகம் அது. சுண்டல் விற்கிற அம்மா, "எந்த ஊரு கண்ணு?" என்று கேட்டால் பதில் சொல்ல நேரம் இருக்கும்.

ஆனால் ஒரு சாலையும் பதின்மூன்றரை மணி நேரமும் போதாது. அந்தச் சைக்கிள் ரிக்‌ஷாக்கள் இன்னும் சில வருடங்களில் நின்றுவிடும். மிதிக்கிறவர்களுக்கு வயதாகிறது, அடுத்த தலைமுறை வராது, வரவும் வேண்டாம். அந்த இடத்துக்கு மின்சார வண்டி வரும். அழகான பழைய கால வடிவத்தில், பேசுகிற திரையோடு, 'நீங்களே ஓட்டுங்கள்' என்ற விளம்பரத்தோடு யாராவது கொண்டு வருவார்கள். நாமும் நிச்சயம் ஏறுவோம், நன்றாகவும் இருக்கும். அன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அந்த வண்டியின் உரிமம் யார் பெயரில் கொடுக்கப்படுகிறது? இவ்வளவு காலம் பூங்கா ஓரத்தில் வெயிலில் காத்திருந்து இந்த ஊரைச் சுற்றிக் காட்டியவருக்கா, வாடகைக்கு விட ஐம்பது வண்டி வாங்கி நிறுத்தக் கூடியவருக்கா? பதிலைப் பொறுத்துத்தான், பூஸ்-பூஸ் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது என்று நாம் சொல்ல முடியும்.